முதுமையின் கனவிலிருந்து குறுங்கதை: செட்டிநாட்டு மூத்தவர்களுக்கும் அவர்கள் சொல்ல எழுதுபவர்களுக்கும்

எண்பதைத் தொட்ட எழுத்தாளருக்கு நாவல் எழுதும் வலு இருப்பது அரிது. ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியாது, எழுத்து கோணும், பத்தாம் பக்கம் வரும்போது இரண்டாம் பக்கத்துப் பாத்திரத்தின் பெயர் நழுவும். கனவு மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒரு கனவை 60 முதல் 150 சொல்லுக்குள் கதையாக நிறுத்திவிடலாம். அதற்கு ஒரு நாளைக்கு இருபது நிமிட உழைப்பு போதும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில் மூத்தவர்கள் ஒருவர் இருவராக இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஆகவே இங்கே வேலையை இருவருக்கும் பிரித்திருக்கிறோம்: கனவைச் சொல்பவர், எழுதிக்கொள்பவர். எழுதுபவர் பேத்தியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவராக இருக்கலாம், அலைபேசியின் மறுமுனையில் இருக்கும் மகனாகவும் இருக்கலாம். தனியாகவே எழுத முடிந்தவர்களுக்கும் படிகள் இவைதான்.

இந்த வடிவத்துக்கு உலகறிந்த முன்னோடி எகிப்தின் நகீப் மஹ்பூஸ். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். 1994 அக்டோபரில் கெய்ரோவில், 82 வயதில், கழுத்தில் கத்தியால் குத்தப்பட்டார். நரம்பு சேதமாகி வலது கை எழுதும் திறனைப் பெரும்பாலும் இழந்தது. பயிற்சி எடுத்து மறுபடி எழுதப் பழகியபோதும் ஒரு நாளில் சில நிமிடங்களுக்கு மேல் கை தாங்கவில்லை. அந்தச் சில நிமிடத்துக்குள் அடங்கும் கதைகளாகத் தன் கனவுகளை அவர் எழுதினார். தலைப்பு கிடையாது, எண் மட்டும். பல கதைகள் அரைப்பக்கத்தைத் தாண்டாது. பின்னாளில் சொல்லி எழுதவைத்தார். 2006-இல் 94 வயதில் மறைந்தார். கை எவ்வளவு எழுதுமோ அந்த அளவுக்கு வடிவத்தைச் சுருக்கிக்கொண்டார் என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது. சுருங்கிய வடிவத்தை இரண்டாம் தரம் என்று எண்ணித் தயங்க வேண்டாம்.

கனவுக்குள் இருப்பவர் எதற்கும் வியப்பதில்லை. முப்பது வருடத்துக்கு முன் இறந்த அண்ணன் முகப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார், அவரைப் பார்த்ததும் “சுண்ணாம்பு இருக்கா?” என்று கேட்போம், “செத்துப்போனீங்களே” என்று கேட்க மாட்டோம். வியப்பு விழித்த பிறகு வருவது. கதையில் அது புகுந்த உடனே கனவு செத்துவிடும். இந்த வழிகாட்டியின் மற்ற விதிகளெல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

முதல் படி: படுக்கையருகே வைக்க வேண்டியவை

கோடு போட்ட நோட்டு, பரீட்சை அட்டை, 2பி பென்சில். மல்லாந்து படுத்தபடி எழுதினால் பந்துமுனைப் பேனாவில் மை இறங்காது. பென்சில் எந்தக் கோணத்திலும் எழுதும். குரலைப் பதிவதாக இருந்தால் பதிவுச் செயலி அலைபேசியின் முதல் திரையிலேயே இருக்கட்டும். மூன்று இடத்தில் தொட்டுத் திறப்பதற்குள் கனவு போய்விடும். திரை வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்துவையுங்கள். சின்ன இரவு விளக்கு ஒன்று போதும்.

எழுதுவதற்காக எழுந்து மேசைக்குப் போகக் கூடாது. உயரமான நிலைப்படி, வளவுக்கு (நடு முற்றத்துக்கு) இறங்கும் படி, வழவழப்பான ஆத்தங்குடிக் கல் தரை, பாதித் தூக்கம்: இவை சேர்ந்தால் இடுப்பெலும்பு முறியும். எழுந்தே ஆக வேண்டுமென்றால் கட்டிலோரம் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு எழுங்கள்.

இரண்டாம் படி: விழித்த முதல் ஐந்து நிமிடம்

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ரெம் உறக்கத்தில் வருகின்றன. அந்தப் பகுதி இரவின் கடைசி மூன்றிலொரு பங்கில் நீள்கிறது. ஆகவே விடியற்காலை நான்கு முதல் ஆறு மணிதான் அறுவடை நேரம். அலாரம் வைத்து எழுவதைத் தவிருங்கள். மணியோசை கேட்ட மனம் உடனே அன்றைய வேலைக்குத் தாவிவிடும்.

விழித்ததும் உடம்பை அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் இருங்கள். கடைசியாகப் பார்த்த காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். “அதற்கு முன்னால் எங்கே இருந்தேன்?” என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலிலிருந்து தொடங்க முயன்றால் ஒன்றும் அகப்படாது.

பிறகு முழு வாக்கியம் எழுதாமல் ஐந்து சொல் எழுதுங்கள்: இடம், ஆள், கையில் இருந்த பொருள், கேட்ட ஒரு பேச்சு, உடம்பில் மிஞ்சிய உணர்ச்சி. “கிட்டங்கி. அண்ணன். குடை. ‘கணக்கு நேராகலை.’ கால் குளிர்ச்சி.” இவ்வளவு போதும். (கிட்டங்கி என்பது செட்டியார்கள் கடல் கடந்து தொழில் நடத்திய இடம்.) இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுபவர்கள் அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு விழிப்பும் ஒரு கனவின் வாசல். அந்த நேரத்தில் ஒரே ஒரு சொல் எழுதிவிட்டுத் தூங்குங்கள். காலையில் அந்தச் சொல்லே மற்றதை இழுத்துவரும்.

சில கனவுகள் கதைக்கு வருமுன் மருத்துவரிடம் போக வேண்டியவை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளும், மறதிநோய்க்கு இரவில் எடுக்கும் டோனெபெசிலும் மிகத் தெளிவான, சில நேரம் அச்சமூட்டும் கனவுகளைக் கொண்டுவரக்கூடும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கனவில் யாரையோ அடிக்கும்போது படுக்கையிலும் கை ஓங்கினால், உதைத்தால், கத்தினால், கட்டிலிலிருந்து விழுந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். ஐம்பதைக் கடந்த ஆண்களிடம் அதிகம் காணப்படும் இந்த நிலை, பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டு முந்திய அறிகுறியாகவும் இருக்கக்கூடும். எழுதுபவர் காதில் இப்படிப்பட்ட செய்தி விழுந்தால் கதைப் பொருள் கிடைத்ததென்று மகிழ்ந்து சும்மா இருந்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: சொல்ல எழுதிக்கொள்வது

பெரும்பாலான கனவுகள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன, அதுவும் எழுதுபவரின் நல்லெண்ணத்தால்.

காலைக் காபிக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி, பால்காரர் கணக்கு எல்லாம் பிறகு. அலைபேசியில் பேசுவதானால் தினமும் ஒரே நேரம். சொல்பவர் ஐந்து சொல் குறிப்பைப் பார்த்துக்கொண்டு, நடப்பதுபோலச் சொல்லட்டும்: “நான் நிக்கிறேன்”, “அவுக வாராக”. நடந்ததுபோலச் சொன்னால் நடுவே விளக்கம் புகுந்துவிடும்.

எழுதுபவர் கேட்கக்கூடாத கேள்விகள்: “அது யாரு அப்பத்தா?”, “ஏன் அங்க போனீங்க?”, “அதுக்கு என்ன அர்த்தம்?” இவை மூன்றும் சொல்பவரைக் கனவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடும். “ஏன்” என்று கேட்டால் மனம் ஒரு காரணத்தைத் தயாரித்துத் தரும். மறுநாள் அந்தக் காரணமே கனவில் இருந்ததாக நினைவில் பதிந்துவிடும். கேட்கலாம் என்பவை: “அப்புறம்?”, “எந்தப் பக்கத்துல நின்னாக?”, “கையில என்ன வச்சிருந்தாக?”, “சத்தம் ஏதும் கேட்டுச்சா?” இடத்தையும் பொருளையும் பற்றிய கேள்விகள் கனவைக் கலைப்பதில்லை.

சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். “வந்தாக” என்றால் “வந்தாக”. “வந்தார்கள்” என்று திருத்தும் வேலை இப்போது இல்லை. மறந்துபோன இடத்தில் ஒரு நீண்ட கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பவே கூடாது; பல கதைகளில் அந்தக் கோடு விழுந்த இடம்தான் கதை தாவும் இடமாக அமைகிறது.

அலைபேசியின் குரல்வழித் தட்டச்சு உதவும், ஆனால் மூன்று கோளாறு செய்யும். ல, ள, ழ குழம்பும். நிறுத்தக்குறி விழாது. வளவு, ஊருணி, கொட்டான், முறைச்சிட்டை, பெட்டியடி போன்ற சொற்களை வேறு ஏதோவாக மாற்றிவிடும். ஆகவே ஒலிப்பதிவையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அதே நாளில் கேட்டுத் திருத்துங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது எழுதியது “வளவா”, “அளவா” என்று யாருக்கும் நினைவிருக்காது.

நான்காம் படி: கிடப்பில் போடுவது, தேர்ந்தெடுப்பது

ஒரு வாரம், பத்து நாள் தொடாதீர்கள். பிறகு நோட்டைத் திறக்காமலே “அந்தக் கனவில் எது நினைவிருக்கிறது?” என்று சொல்பவரைக் கேளுங்கள். ஒரு பொருளோ ஒரு பேச்சோ உடனே வந்தால் அது கதையாகும். “ஏதோ பஸ்ஸுக்குப் போன மாதிரி” என்றால் விட்டுவிடுங்கள்.

பரீட்சை எழுத முடியாமல் தவிப்பது, பஸ்ஸைத் தவறவிடுவது, துரத்தப்படுவது, பல் உதிர்வது ஆகியவை பலருக்கும் வரும் கனவுகள். இவற்றில் அந்த வீட்டுக்கே உரிய ஒரு பொருள் இல்லையென்றால் எடுக்க வேண்டாம். இறந்தவர் வந்து அறிவுரை சொல்லும் கனவைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்; அதைக் கதையாக்குவது மிகக் கடினம். பத்துக் கனவுக்கு இரண்டு தேறினால் நல்ல விளைச்சல்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று 85 வயதாகும் ஒருவர், 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது கைக்குழந்தை. அவர் கனவில் வரும் ரங்கூன், அவர் பார்த்த ஊரே இல்லை; அங்கே தொழில் செய்த அப்பச்சியும் (அப்பாவும்) ஐயாவும் (தாத்தாவும்) திண்ணையில் பேசக் கேட்ட ஊர். அந்த ரங்கூனில் தெரு பிள்ளையார்பட்டிக்குப் போகலாம், கிட்டங்கியின் பின்கட்டில் ஊருணி இருக்கலாம். வரைபடத்தை வைத்து அதைத் திருத்தாதீர்கள். கேட்டு வளர்ந்த ஊரைக் கனவில் கட்டிக்கொள்ளும் கடைசித் தலைமுறை இது. பார்த்தவர்களால்கூட எழுத முடியாத ஊர் அது.

ஐந்தாம் படி: கதையாக்குவது

எடுத்துக்காட்டுக்காக அமைத்த ஒரு குறிப்பு இது:

“நம்ம வீடுதான். ஆனா மூணாங்கட்டைத் தாண்டுனா கடல் இருக்கு. எப்படி வந்துச்சுன்னு தெரியலை. கப்பல் நிக்குது. அப்பச்சி பேரேடு பாத்துக்கிட்டிருக்காக. எங்கிட்டச் சாவி கேட்டாக. சாவி இட்லித் துணியில சுத்தி இருக்கு. குடுத்தேன். அப்புறம் பள்ளிக்கூடம், பரீட்சை, எழுத வரலை. —— அப்பச்சி உள்ள போயிட்டாக. நான் வெளிய நிக்கிறேன். முழிச்சப்ப கையில சூடு மாதிரி இருந்துச்சு.”

முதலில் வெட்டுங்கள். பரீட்சை போகட்டும், அது பொதுக்கனவு, இந்த வீட்டோடு ஒட்டவில்லை. “எப்படி வந்துச்சுன்னு தெரியலை” போகட்டும், அது வியப்பு. “முழிச்சப்ப” போகட்டும். மிஞ்சுவது: கடல், கப்பல், பேரேடு, சாவி, இட்லித் துணி, உள்ளே போனவர், வெளியே நின்றவர்.

இரண்டாவதாக, மையப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாவி கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் யாருக்கும் தோன்றக்கூடிய பொருள் அது. துணிதான் அந்த வீட்டுக்கு உரியது, விழித்த கையின் சூடும் அதில்தான் இருக்கிறது. சூட்டைத் துணிக்கு மாற்றுங்கள்.

மூன்றாவதாக, இடத்தை நேர்க்கோட்டில் வையுங்கள். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வாசல்கள் வரிசையாக நிற்கின்றன; முன்வாசலில் நின்றால் பின்வாசல் வரை பார்வை ஓடும். வாசகருக்கு இந்த ஒழுங்கு ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிட்டால், அதன் கடைசியில் கடல் இருப்பதை அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார். கனவில் ஒன்று மாறினால் மற்றதெல்லாம் வீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இரண்டு மூன்று மாற்றங்கள் சேர்ந்தால் மாயாஜாலமாகிவிடும்.

எழுதி முடித்தால் இப்படி வரும்:

*மூன்றாம் கட்டுக் கதவைத் திறந்தால் கடல். கப்பல் படியை ஒட்டி நின்றது. அப்பச்சி மணலில் பலகை போட்டு உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.*

*“சாவி?” என்றார்கள் நிமிராமல்.*

*இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இட்லித் துணியில் சுற்றியிருந்தது. துணி இன்னும் சுட்டது. அப்பச்சி அதை முகர்ந்து பார்த்தார்கள்.*

*“ஆத்தா எந்திருச்சாச்சா?”*

*“எந்திருச்சிட்டாக.”*

*“அப்ப நேரமாயிருச்சு.”*

*பேரேட்டை மூடி என் கையில் வைத்தார்கள். சாவியையும் வைத்தார்கள். துணியை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். கப்பலில் ஒரு ஆள் ஏறும் அகலத்துக்குப் பலகை இறக்கியிருந்தார்கள்.*

குறிப்பில் இல்லாமல் சேர்ந்தவற்றில் முக்கியமானவை மூன்று: முகர்வது, ஆத்தாவைப் பற்றிய கேள்வி, பேரேடு கைமாறுவது. கனவை அப்படியே தர வேண்டிய கட்டாயம் இல்லை, இது கதை. சேர்ப்பது அந்த வீட்டிலேயே இருப்பதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே கனவில் வந்த பொருளோடு ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் விதி.

நடை பற்றி: கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில், பேச்சு மட்டும் வீட்டு வழக்கில். முழுக்க வழக்கிலேயே எழுதினால் வாசகர் சொற்களை ரசிக்கத் தொடங்கிவிடுவார், கடலைப் பார்க்க மாட்டார். மரியாதை விகுதியை விடக் கூடாது. கனவிலும் அப்பச்சி “அவுக”தான். உவமை வேண்டாம், கனவே இன்னொன்றாக மாறி நிற்கும்போது “போல” என்ற சொல் அதைப் பலவீனமாக்கும். “திடீரென்று”, “விசித்திரமாக”, “ஏனோ”, “தெரியாமலே” ஆகிய நான்கையும் தேடிப்பிடித்து நீக்குங்கள். நான்குமே வியப்பின் வேறு முகங்கள்.

முடிவு: அதிகம் பிழைபடும் இடம்

“கண் விழித்தேன், எல்லாம் கனவு” என்று முடித்தால் வாசகர் அதுவரை நம்பியதைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். விழிப்பு கதைக்குள் வந்தே ஆக வேண்டுமென்றால் குறுந்தொகையின் 30-ஆம் பாடலைப் பாருங்கள். கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது, ஆறே அடி. தலைவன் தழுவியதாகப் பொய்க்கனவு காண்கிறாள். எழுந்து படுக்கையைக் கையால் தடவிப் பார்க்கிறாள். கனவு எப்படி இருந்தது என்ற வருணனையே இல்லை. கை செய்த செயலில் விழிப்பு முழுவதும் வந்துவிடுகிறது. விழிப்பை எழுதினால் இப்படி உடம்பின் செயலாக எழுதுங்கள்.

பொருள் சொல்லி முடிப்பது இன்னொரு பிழை. மேலே உள்ள கதையில் “இனி பொறுப்பு எனக்கென்று புரிந்தது” என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், கடல் வற்றிவிடும். எழுதி முடித்ததும் கடைசி வாக்கியத்தை விரலால் மறைத்துப் படியுங்கள். கதை அதற்கு முன்பே நின்றுவிடுகிறதென்றால் அந்த வாக்கியம் வேண்டாம். பெரும்பாலும் வேண்டியிருக்காது.

நீளத்தையும் இங்கேதான் பார்க்க வேண்டும். 150 சொல்லைத் தாண்டினால் இரண்டு கனவு கலந்திருக்கும், அல்லது உறவுமுறை விளக்கம் நுழைந்திருக்கும். “என் பெரியப்பச்சி மகன், மலேயாவில் மேலாளாக இருந்தவர்” என்று விளக்க வேண்டியிருந்தால் “அண்ணன்” என்று வைத்துவிடுங்கள். 60 சொல்லுக்குக் கீழே போனால் அது குறிப்பாகவே நிற்கும். ஒரு பேச்சோ ஒரு கைச்செயலோ சேர்க்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர்களும் பங்காளிகளும்

கனவில் வருபவர்கள் உண்மையான ஆட்கள். சொத்துப் பிரிவினை நடந்த வீட்டில், பூட்டிய அறைக்குள் ஒரு பங்காளி சாமான் எடுப்பதாகக் கனவு வரலாம். அதைப் பெயரோடு அச்சிட்டால் படிப்பவர் கதையாகப் படிக்க மாட்டார், வழக்காகப் படிப்பார். பெயர், விலாச எழுத்துகள் (பெயருக்கு முன் வரும் முதலெழுத்துகள்), வீட்டின் அடையாளப் பெயர் மூன்றையும் நீக்குங்கள். உறவுச்சொல் போதும்: அண்ணன், ஆச்சி, ஆயா. உறவையே மாற்ற வேண்டியிருந்தால் வயதையும் மரியாதையையும் மாற்றாமல் மாற்றுங்கள். அண்ணனைத் தம்பியாக்கினால் பேச்சின் முறையே மாறிவிடும். உயிரோடு இருப்பவரைப் பற்றியதென்றால் அச்சுக்கு முன் அவரிடம் படித்துக்காட்டுங்கள்.

தொகுப்பது

தலைப்பு வைக்காதீர்கள். “கடல்”, “சாவி” என்று தலைப்பு வைத்தால் எதைப் பார்க்க வேண்டுமென்று முன்கூட்டியே சொன்னதாகிவிடும். எண் போதும். கனவு வந்த தேதி வரிசையில் அடுக்க வேண்டாம். ஒரே ஆள் வரும் கதைகள் அடுத்தடுத்து வராமல் பிரித்துவையுங்கள். இறந்த அண்ணன் 4-இலும் 19-இலும் 33-இலும் வந்தால், மூன்றாம் முறை வரும்போது வாசகருக்கும் அவர் தெரிந்தவராகியிருப்பார்.

நாற்பது கதை சேர்ந்தால் நூலாக்கலாம். டெமி எட்டிலொன்று அளவில், பக்கத்துக்கு ஒரு கதை வீதம், முன்பக்கங்களோடு 48 பக்கம். 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) மூன்று. இந்த அளவு புத்தகத்துக்குத் தையல் தேவையில்லை, நடுவில் ஊசி அடித்தால் போதும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம், முதலில் படிக்கப்போவது அதே வயதுக்காரர்கள். மணிவிழாவுக்கும் முத்துவிழாவுக்கும் மலர் அச்சிடும் குடும்பங்கள், வாழ்த்துரைகளுக்கு நடுவே இவற்றைச் செருகாமல் தனிப் புத்தகமாகவே போடுவது நல்லது.

பென்சில் நோட்டுகளையும் ஒலிப்பதிவுகளையும் நூல் வந்த பிறகும் எறிய வேண்டாம். நோட்டைக் கரையான் எட்டாத உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஒலிக்கோப்பின் பெயரில் கனவு வந்த தேதியையும் கதை எண்ணையும் சேர்த்து, அலைபேசியிலும் வேறொரு இடத்திலுமாக இரண்டு படி வையுங்கள். பத்துக்கு எட்டாக, இப்போது கதையாகாத கனவுகள் அங்கேதான் இருக்கின்றன. அதே சாவியோ அதே ஊருணியோ இன்னொரு கனவில் வரும்போது அவற்றைத் திறக்க வேண்டியிருக்கும்.